வலி நின்ற பிறகு

தந்த வைத்தியத்தில் பட்டம் பெற்று, கடன் வாங்கியோ வீட்டு நகையை அடகு வைத்தோ ஒரு நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் வாங்கிப் போட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடி அறையொன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் என்னைச் சந்திக்கும்போது அநேகமாகக் கேட்கிற கேள்வி, நோயாளிகளை வரவழைப்பது எப்படி என்பதுதான். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆயினும், தருமபுரியில் நெடுங்காலமாக இத்தொழிலைச் செய்து வருகிறவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்வதானால், வரவழைக்கும் காரியத்தை நமக்காகப் பல்வலியே செய்துவிடுகிறது. இரவு முழுதும் தூக்கமின்றிக் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த மனிதன், எந்த வைத்தியர் கெட்டிக்காரர், எந்த வைத்தியர் நாணயமானவர் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. முதலில் திறந்திருக்கும் கதவுக்குள் நுழைகிறான். அவன் வந்ததில் நாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வலி நின்றபின் அவன் மறுபடியும் படி ஏறி வருகிறானா என்பதிலேதான் நம்முடைய தொழிலின் தரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

காய்ச்சலுக்கு வைத்தியம் செய்கிறவருக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. காய்ச்சல் இறங்கும்போது பெரும்பாலும் நோயும் இறங்கிவிடுகிறது. நோயாளியின் சௌக்கியமும் வைத்தியரின் வேலையும் ஏறக்குறைய ஒரே நாளில் பூர்த்தியாகின்றன. பல் விஷயம் அப்படியன்று. சொத்தை ஆழமாகி, பல்லின் நடுவே இருக்கும் கூழில் சீழ் பிடித்து, நரம்பு துடிக்கத் தொடங்கிய பின்பு வருகிற ஒருவருக்கு முதல் நாள் நாம் செய்வதெல்லாம், பல்லின் தலையில் ஒரு வழி திறந்து, உள்ளே கெட்டுப்போன கூழை எடுத்து, அடைபட்டிருந்த அழுத்தத்தை வெளியே விட்டு, மருந்து வைத்து, தற்காலிகமான சிமெண்டால் மூடி அனுப்புவதுதான். அன்று இரவே அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆனால் வேர்க் குழாய்களை முழுவதும் சுத்தம் செய்து, நுனிவரை அளந்து அடைத்து, மேலே உறுதியாகக் கட்டி, கடைவாய்ப் பல்லாக இருந்தால் ஒரு கேப்பும் போட்டால்தான் சிகிச்சை முடிந்ததாகும். வைத்தியத்தின் கால்பங்கு நடந்தவுடனே வலி போய்விடுகிறது. மிச்சமுள்ள முக்கால்பங்குக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டுவர வலி என்ற தூதன் இல்லை. இந்தக் காலியிடத்தை நிரப்புகிறவரே தந்த வைத்தியர் என்று நான் கருதுகிறேன்.

இதில் தவறிப்போனால் என்ன ஆகிறது என்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். தற்காலிகச் சிமெண்டு சில வாரங்கள் தாங்கும். பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து ஓரத்தில் விரிசல் விட்டு, எச்சிலும் கிருமியும் உள்ளே இறங்க வழி கொடுக்கும். உட்புறம் குடைந்து எடுக்கப்பட்ட பல் முன்னிருந்த பலத்தோடு இருப்பதில்லை. ஒரு நாள் முறுக்கையோ கறித்துண்டின் எலும்பையோ கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்துவிடுகிறது. பிளவு வேர்வரை போய்விட்டால் பிறகு எடுப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. அந்த மனிதர் ஊருக்குத் திரும்பி, "ரூட் கேனால் பண்ணியும் பல்லு நிக்கலீங்க, வீண் செலவு" என்று டீக்கடையில் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. அவர் அறிந்த வரையில் அதுதான் நடந்தது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட ஊராரில், காப்பாற்றக்கூடிய பல்லை வைத்துக்கொண்டிருக்கும் இன்னும் சிலர், "எடுத்தே விட்டுடுங்க" என்ற தீர்மானத்தோடுதான் நம்மிடம் வருவார்கள்.

ஆகவே முதல் நாள், ஊசியின் மரமரப்பு இன்னும் தெளியாத அந்தச் சில நிமிஷங்களில் பேசப்படும் சம்பாஷணையை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறேன். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து தக்காளி வியாபாரி ஒருவர் வந்திருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல். வேலை முடிந்து எழுந்தவரை நிறுத்தி, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, வேரின் நுனியில் கறுப்பாகத் தெரிந்த இடத்தைப் பென்சில் முனையால் தொட்டுக் காண்பித்தேன். "அண்ணா, வலி இன்னிக்கு ராத்திரியே நின்னுடும். நின்னுடுச்சுன்னா நல்லாயிடுச்சுன்னு நெனச்சிடாதீங்க. இந்தக் கறுப்பு அப்படியேதான் இருக்கும். சுவர் எழுப்பிக் கூரை போடாம விட்ட வீடு மாதிரிதான் இப்ப உங்க பல்லு" என்றேன். அவர் படத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வலி இல்லாட்டியும் வரணுங்களா?" என்று கேட்டார். அவர் வாயாலேயே அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதற்காகத்தான் நான் அவ்வளவு பேசியது. வலி நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அது சொன்னபடியே நின்றுவிட்டால், அதற்கு அடுத்தபடியாகச் சொன்ன எச்சரிக்கையின்மேலும் நோயாளிக்கு நம்பிக்கை பிறக்கிறது. சொல்லாமல் அனுப்பிவிட்டால் அதே நிம்மதி நமக்குப் பகையாகிவிடுகிறது.

மறுமுறை வரவேண்டிய தேதியைக் குறிப்பதிலும் ஒரு சிரத்தை வேண்டும். எங்கள் ஜில்லாவிலிருந்து கட்டட வேலைக்கும் மற்ற கூலி வேலைகளுக்கும் பெங்களூருக்குப் போகிறவர்கள் ஏராளம்; பொங்கலுக்கும், ஒகேனக்கல்லில் ஜனங்கள் திரளும் ஆடிப்பெருக்குக்கும், அவரவர் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கும் வந்து இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இப்படிப்பட்டவரிடம் 'அடுத்த வாரம் வியாழக்கிழமை' என்று சொல்வது, வராதே என்று சொல்வதற்குச் சமானம். எப்போது பஸ் ஏறப் போகிறார், அதற்குள் எத்தனை நாள் கிடைக்கும் என்று முதலிலேயே விசாரித்து, இடம் கொடுக்கிற பல்லாக இருந்தால் ஒரே அமர்விலோ அடுத்தடுத்த இரண்டு நாளிலோ வேர் அடைப்பை முடித்துவிடவேண்டும். சீழ் ஒழுகுவது நிற்காமல் முடிக்க இயலாது என்றால், பெங்களூரில் தகுதியுள்ள ஒருவரிடம் காட்டும்படி, செய்த வேலையையும் செய்யவேண்டிய வேலையையும் எழுதி எக்ஸ்ரேயோடு கையில் கொடுத்தனுப்ப வேண்டும். இப்படிச் செய்தால் நோயாளி கைவிட்டுப் போய்விடுவாரே என்று பயப்படுகிற நண்பர்கள் உண்டு. அந்தப் பயம் வீண். அந்தச் சீட்டைக் கொண்டுபோனவர் பண்டிகைக்கு வரும்போது தம்முடைய அம்மாவை அழைத்துக்கொண்டு நம்மிடமே வருகிறார்.

பண விஷயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம்முடைய வைத்தியர்களில் பலருக்குக் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சமே பல பேரை இரண்டாம் முறை வராமல் செய்துவிடுகிறது என்பது என் அனுபவம். வராமல் நின்றுவிட்டவர்களை மறதிக்காரர்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்; உண்மையில் அவர்களில் பெரும்பாலோர், அடுத்த தடவை எவ்வளவு கேட்பார்களோ, கையில் அவ்வளவு இல்லாவிட்டால் நாலு பேருக்கு முன்னால் என்ன சொல்வது என்ற மானத்துக்கு அஞ்சி நின்றவர்கள். அதனால் பல்லைத் தொடுவதற்கு முன்பே, வேர் சிகிச்சைக்கு இவ்வளவு, கேப்புக்கு இவ்வளவு, எத்தனை முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு கொடுத்தால் போதும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். எழுதிய தொகைக்குமேல், எனக்குச் சிரமம் அதிகமானாலும், கேட்பதில்லை. கேப்புக்கு இப்போது பணம் இல்லை என்று ஒருவர் சொன்னால், பல்லை வாய்க்குள் மூளியாக விட்டுவைக்காமல், உயரத்தைச் சற்றுக் குறைத்து, கடி பலமாகப் படாதபடி நிரந்தரச் சிமெண்டால் கட்டிவிட்டு, "பணம் வந்தப்ப கேப் போட்டுக்கலாம்; அதுவரைக்கும் அந்தப் பக்கம் கெட்டியானதைக் கடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பலாம். வராதவர்களுக்குப் போன் செய்வதும் அவசியந்தான், ஆனால் உதவிக்கு இருக்கும் பெண்ணிடம், "ஏன் வரலை?" என்று கேட்காதே, "பல்லு எப்படி இருக்குது?" என்று கேள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் கேள்விக்கு ஜனங்கள் சாக்குச் சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள்; இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல்வார்கள்.

இனி ஊசியைப் பற்றிச் சொல்லவேண்டும். வலியில்லாமல் சஸ்திர சிகிச்சை செய்யலாம் என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதில் பல் வைத்தியர்களுக்கு இருக்கும் பங்கு சாமானியமானதன்று. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைச் சுவாசித்துக்கொண்டு தம்முடைய பல்லையே எடுக்கச் செய்து பார்த்தார். 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதரைக் கொடுத்து, கழுத்துக் கட்டி ஒன்றை வலியின்றி அறுக்கத் துணை செய்த வில்லியம் மார்ட்டனும் பல் வைத்தியரே. 1905-இல் புரோகெயினும், அதன் பிறகு 1943-இல் ஸ்வீடன் தேசத்தில் லிக்னோகெயினும் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று கிராமத்துப் பல் ஆஸ்பத்திரியிலும் அந்த மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. இவ்வளவு சாதனம் இருந்தும் ஜனங்களுக்குப் பல் வைத்தியர் என்றால் இன்னும் கிலி போகவில்லை என்றால், குறை மருந்தில் இல்லை. அதைச் செலுத்தும் அவசரத்தில் இருக்கிறது.

ஊசி குத்துவதைக் காட்டிலும் மருந்து வேகமாக உள்ளே பாய்வதே நோயாளிக்கு அதிக நோவைத் தருகிறது. இறுக்கமான சதைக்குள் திரவம் திடீரென்று புகும்போது சதை விரிந்து வலிக்கிறது. மேலே தடவும் ஜெல்லை வைத்து ஒரு நிமிஷமாவது காத்திருந்து, கன்னத்தை இழுத்துப் பிடித்து, நிமிஷத்துக்கு ஒரு மில்லிக்கு மேற்படாமல் மெதுவாகச் செலுத்தினால், "போட்டுட்டீங்களா?" என்று கேட்கிறவர்களே அதிகம். கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசி பிடிக்கச் சில நிமிஷங்கள் ஆகும். உதடு பாதி கனத்துத் தடித்ததுபோல் இருக்கிறது என்று அவரே சொல்லும்வரை கருவியை எடுக்கக்கூடாது. சீழ் கடுமையாகப் பிடித்த இடத்தில் சதையின் அமிலத்தன்மை மிகுந்திருப்பதால் மருந்து முழு வேகத்தோடு வேலை செய்யாது. அப்போது, இது கொஞ்சம் அடங்காமல் இருக்கலாம், இன்னொரு ஊசி தேவைப்படலாம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் ஒப்பந்தம் உண்டு. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன்" என்று எல்லா வைத்தியர்களும்தாம் சொல்கிறோம். கை தூக்கியவுடன், "அவ்வளவுதான், முடிஞ்சுது, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடர்கிறவர் அந்த க்ஷணத்திலேயே அந்த நோயாளியை இழந்துவிடுகிறார். அநேகமாக முதல் தடவை கை உயர்வது வலியினால்கூட இராது. இவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தானா என்று பார்ப்பதற்காகவே உயரும். கருவியை வாயிலிருந்து முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, கொப்பளிக்கச் சொல்லி, என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கை பெரும்பாலும் உயருவதே இல்லை.

ஜனங்களிடையே வழங்கும் நம்பிக்கைகளை எவ்வாறு எதிர்கொள்வது என்பதும் இதோடு சேர்ந்த விஷயமே. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கிற வைத்தியர் சரீர சாஸ்திரத்தை அறிந்திருக்கலாம், மனிதரை அறியவில்லை. பல்லுக்கு உணர்ச்சியைத் தருவது மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பு. பார்வைக்குரியது இரண்டாவது நரம்பு. இரண்டும் வெவ்வேறு வழியாகப் போகின்றன. ஆனால் மேல் பல்லில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே வீங்கி இமை மூடிக்கொள்வதை அவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். வயது ஆகும் காலத்தில்தான் பல்லும் விழுகிறது, பார்வையும் குறைகிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள். அந்த இரண்டையும் நாமே முதலில் எடுத்துச் சொல்லி, "நீங்க பார்த்தது சரிங்க, காரணந்தான் வேற" என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற நம்பிக்கை இதைவிடப் பிடிவாதமானது. அதற்கு ஆதாரமும் ஓரளவு இருக்கிறது. வருஷக்கணக்காகப் படிந்த காரை பற்களின் இடுக்கையெல்லாம் நிரப்பிக்கொண்டு, ஈறும் எலும்பும் கரைந்துபோன பல்லையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். அதை எடுத்தவுடன் இடுக்கு தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் கூசுகிறது, முன்பே ஆடிக்கொண்டிருந்த பல் இப்போதுதான் ஆடுவதாகத் தோன்றுகிறது. இத்தனையும் நடக்கும் என்று காரையை எடுப்பதற்கு முன்பு சொன்னால் அது விளக்கம். எடுத்த பிறகு சொன்னால் சமாதானம். ஈறு வீங்கி இரத்தம் கசியும் நடுவயதுக்காரர்களைச் சர்க்கரைக்கு இரத்தம் பார்த்துவரச் சொல்வதையும் இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். தமக்குச் சர்க்கரை இருப்பதைப் பல் ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாக அறிந்துகொண்டவர்கள் பலர், அதற்குப் பிறகு ஈறைக் காட்டுவதற்கென்றே கிரமமாக வருகிறார்கள்.

தருமபுரியில் தொழில் செய்கிறவருக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சோதனை உண்டு. எங்கள் ஜில்லாவில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்புக்கு மேல் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில், நிலையான பற்களின் எனாமல் தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் சுமார் எட்டு வயது வரையில், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுடைய பற்களில் சுண்ணாம்பு வெள்ளையாகவோ காப்பி நிறமாகவோ கறை ஏறிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்து காவேரித் தண்ணீர் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்களின் பல்லில் ஏறிய கறை ஏறியதுதான். அது எனாமலின் உள்ளேயே இருக்கிறது.

பெண் பார்க்க வருவதற்குச் சில நாள் முன்பு தாயார் மகளை அழைத்துக்கொண்டு வருவார்கள். "பல்லு கறையா இருக்குதுங்க, நல்லா சுத்தம் பண்ணி விடுங்க" என்பார்கள். அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதும் கையால் மறைத்துக்கொண்டேதான் திறக்கும். அந்தக் குழந்தை தன் பல்லை எத்தனை முறை கரியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருக்கும் என்பதைத் தேய்ந்த எனாமலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுத்தம் செய்து பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது எளிது. காரை போகும், கறை போகாது. இது அழுக்கு இல்லை, இந்தப் பெண் பல் விளக்காததால் வந்ததில்லை, குடித்த தண்ணீரால் வந்தது, இனிமேல் புதிதாகவும் வராது என்பதை முதலில் தாயாருக்குக் கேட்கும்படியாக, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு, இலேசான கறையானால் மேல்தோலை மிக மெல்லியதாகத் தேய்த்தோ வெளுக்கச் செய்தோ குறைக்கலாம், ஆழமானால் பல் நிறச் சிமெண்டால் மூடலாம் அல்லது மெல்லிய ஓடு ஒட்டலாம், ஒவ்வொன்றும் எத்தனை காலம் தாங்கும், எவ்வளவு செலவாகும் என்று சொல்ல வேண்டும். இவ்வளவும் கேட்டுவிட்டு, சுத்தம் செய்தாலே போய்விடும் என்று சொல்கிற வேறு இடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. போகட்டும். போகாத கறையைப் போகும் என்று பொய் சொல்லிப் பிடித்துவைத்த நோயாளி, கண்ணாடியைப் பார்த்த அன்றே நம்மைவிட்டுப் போய்விடுவார்.

விளம்பரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பல்வரிசையைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்ட பலகைகளைப் பழைய சென்னையில் கண்டவர்களுக்கு நினைவிருக்கும். சீனத்தின் ஹூபே பிரதேசத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியம் செய்த குடும்பங்கள் அந்நகரத்தில் பிரசித்தி பெற்றிருந்தன. 1948-ஆம் வருஷத்துப் பல் வைத்தியர் சட்டம் வந்தபோது, பட்டமின்றி ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இத்தொழிலையே ஜீவனமாகக் கொண்டிருந்தவர்களுக்குப் பதிவேட்டில் தனிப் பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. பட்டம் இல்லாத அவர்களில் சிலரிடம் மூன்று தலைமுறை நோயாளிகள் விசுவாசத்தோடு போய்வந்ததற்குப் பலகை காரணமன்று. கையின் நிதானமும், பல் செட் உறுத்துகிறது என்று எத்தனை முறை திரும்பி வந்தாலும் முகம் சுளிக்காமல் ராவிக் கொடுத்த பொறுமையுமே காரணம். பட்டம் பெற்ற நம்மை, 1976-இல் வகுத்து 2014-இல் திருத்திய ஒழுக்க விதிகள், விளம்பரத்தால் நோயாளிகளைத் தேடக்கூடாது என்றும், நோயாளியை அனுப்பியவருக்குத் தரகு கொடுக்கக்கூடாது என்றும் தடுக்கின்றன. தரகு கொடுக்கிற வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது என்பதை நான் அறிவேன். அறிந்தே சொல்கிறேன், அது நோயாளியின் வாயிலிருந்து எடுக்கப்படுகிற பணம். தரகுக்கு ஈடு கட்டவேண்டிய வைத்தியர் தேவையில்லாத பல்லிலும் துவாரம் போட வேண்டியவராகிறார்.

இலவச முகாம்களில் எனக்கு நம்பிக்கை உண்டு, பள்ளிக்கூடங்களில் நடத்தினால். ஆறாவது வயதை ஒட்டிப் பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாமல் முளைத்ததால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைச்சுடும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுதும் இருக்கவேண்டிய பல். வாயில் முதலில் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அதுவே. இந்த ஒரு விஷயத்தை ஆசிரியர்களுக்கும் தாய்மார்களுக்கும் விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்தால் அந்த முகாம் பயன்பட்டது. இப்படி வருகிற குழந்தைகளுக்கு, "அடம் பண்ணினா டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார்" என்று வீட்டில் ஏற்றிவைத்த பயத்தை இறக்குவதே முதல் சிகிச்சை. சொல், காட்டு, பிறகு செய் என்ற முறையை 1959-இல் அமெரிக்காவில் ஆடில்ஸ்டன் என்பவர் வகுத்துச் சொன்னார். இன்றும் அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. காற்று வரும் குழாயை முதலில் குழந்தையின் உள்ளங்கையில் பிடித்து, பிறகு நகத்தில் பிடித்து, அதன் பிறகே பல்லில் பிடிக்க வேண்டும். முதல் நாள் நாற்காலியில் ஏறி இறங்கிவிட்டுப் போவது மாத்திரம் நடந்தால்கூட அந்த நாள் வீணாகிவிடவில்லை. கட்டணம் இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தை வியாபார நஷ்டம் என்று கணக்கிடுகிறவர்களுடன் எனக்குச் சம்மதம் இல்லை.

பல் எடுத்த அன்று சாயங்காலம் நோயாளிக்கு நானே போன் செய்கிறேன். நம் ஜனங்களுக்கு வாயில் இரத்தத்தின் ருசி பட்டால் துப்பிக்கொண்டே இருக்கும் பழக்கம். துப்பத் துப்ப, குழியில் உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து மறுபடி இரத்தம் வரும். கட்டி இல்லாமற்போன குழியில் இரண்டு மூன்று நாளில் எலும்பு வறண்டு, காதுவரை தெறிக்கும் வலி வரும். பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள், துப்பாதீர்கள், எச்சிலை விழுங்கிவிடுங்கள், இன்று கொப்பளிக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதெல்லாம் மரத்துப்போன வாயோடும் கலங்கிய மனத்தோடும் இருந்தவருக்குப் பாதிதான் ஏறியிருக்கும். வீட்டில் இருக்கும்போது கேட்கிற அதே வார்த்தை முழுவதும் ஏறுகிறது. பக்கத்தில் இருக்கிற மருமகளும் கேட்டுக்கொள்கிறாள்.

கடைசியாக, வலியே இல்லாத ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே வயலில் வேலை செய்கிற பெரியம்மாக்களும், தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவைத் தடைசெய்து உத்தரவிட்ட பிறகும் ஒளித்து விற்கப்படுகிற பொட்டலங்களை வாங்கி மெல்லுகிற லாரி ஓட்டுநர்களும் ஏதோ ஒரு பல்லுக்காக நம்மிடம் வருகிறார்கள். கன்னத்தின் உட்புறத்தை ஒதுக்கிப் பார்த்தால் தேய்த்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். அல்லது சதை வெளிறி நார் நாராகித் தடித்து, மூன்று விரல் நுழையவேண்டிய வாயில் இரண்டு விரல்கூட நுழையாது. காரம் பட்டால் எரிகிறது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு உபத்திரவம் இல்லை. இவற்றில் சில பிற்காலத்தில் புற்றுநோயாக மாறுகின்றன. எது மாறும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால் சந்தேகமுள்ள இடத்தில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவும், மற்றவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவழைத்து அதே இடத்தைப் பார்க்கவும் வேண்டும்.

இவர்கள் ஒரு முறை வராமற்போனால் போவது பல் அன்று. இவர்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: பெயர், ஊர், திட்டு இருந்த இடத்தின் படம், வாய் எத்தனை மில்லிமீட்டர் திறந்தது, அடுத்து வரவேண்டிய மாதம், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரின் போன் நம்பர். மாதத்தின் முதல் வாரத்தில் உதவிக்கு இருக்கும் பெண் அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைப்பாள். போன் எடுக்காதவர்களுக்கு அந்த ஊரிலிருந்து வருகிற வேறு நோயாளி மூலமாகச் சொல்லி அனுப்புகிறோம். அவர்களிடம் பார்க்கும் கட்டணம் வாங்குவதில்லை. பஸ் கட்டணத்தை யோசித்து ஒருவர் வராமல் இருந்தால் அதற்கு நான் செய்யக்கூடியது சொற்பம். என் கட்டணத்தை யோசித்து ஒருவரும் நின்றுவிடக்கூடாது.